மாட்டுக்கே மாட்டைத் தீனியாப் போட்ட கதை

புல் தின்கிற மாட்டுக்கு மாட்டையே அரைச்சுப் போட்டா என்ன ஆகும்? பிரிட்டன்காரங்க செஞ்சே பார்த்துட்டாங்க.

பால் கூடுதலா கறக்கணும்னா புரதம் வேணும். வெட்டின மாடுகளோட கழிவையும் எலும்பையும் காய்ச்சி அரைச்ச மாவு மலிவாகக் கிடைத்தது. அதையே தீவனத்தில் கலந்தார்கள். 1986 நவம்பரில், தள்ளாடி விழுந்த மாடுகளின் மூளையைச் சோதித்தால் ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டை! உருமாறின புரதமான பிரியான்தான் வில்லன்.

1988-ல் அந்தத் தீனிக்குத் தடை. ஆனா கறி வியாபாரம் நிக்கல. 1990-ல் விவசாய அமைச்சர் ஜான் கம்மர், கேமரா முன்னாடி மகளுக்கு பர்கர் கொடுத்து, மாட்டுக்கறியால ஆபத்தில்லைன்னு காட்டினார். 1996 மார்ச் 20-ல், மனுஷனுக்கும் தொற்றியிருக்கலாம்னு அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. கடைசிக் கணக்கு: நோய் வந்த மாடுகள் 1.8 லட்சத்துக்கு மேல், பிரிட்டனில் செத்த மனிதர்கள் 178.

என்னை உறுத்துறது என்னன்னா, மூளை, தண்டுவடத் துணுக்கு கலந்த அந்தக் கறியில நிறம், வாசனை, ருசி எதுவுமே மாறல. வேகவெச்சாலும் பிரியான் சாகாது. கறியோட தரத்தைக் கடையில பார்த்துக் கண்டுபிடிக்கலாம்னு நினைக்கிறோம். பாதிதான் முடியும் மக்களே. மீதி, மாடு வாய் வெச்ச தொட்டியில இருக்கு.