மந்திரவாதியும் மேடையும்: அமெரிக்க அரங்கில் ஓஸ் நாவலின் தழுவல்கள்

எல். பிராங்க் பாம் எழுதிய 'ஓஸ் நாட்டின் அற்புத மந்திரவாதி' 1900ஆம் ஆண்டு சிகாகோவில் வெளிவந்தது. கான்சஸ் சமவெளிச் சிறுமி தோரதி, சூறாவளியால் ஓஸ் நாட்டில் எறியப்பட்டு, சோளக்கொல்லைப் பொம்மை, தகர மனிதன், கோழைச் சிங்கம் ஆகியோரின் துணையுடன் வீடு திரும்ப வழிதேடுவதே கதை. இந்நாவலின் மேடைத் தழுவல்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் 'மூலத்திற்கு உண்மையாக உள்ளதா?' என்னும் வினாவையே எழுப்புவர். அமெரிக்க மேடை வரலாறு இவ்வினாவுக்கு எதிர்பாராத விடையொன்றைத் தருகிறது.

முதல் தழுவல் 1902 ஜூன் மாதம் சிகாகோவின் கிராண்ட் ஓபரா அரங்கில் அரங்கேறியது. நாடகப் பிரதியைப் பாம் தாமே எழுதினார்; பால் டியட்ஜென்ஸ் இசையமைத்தார். ஆயின் இயக்குநர் ஜூலியன் மிட்செல் அப்பிரதியை முற்றிலும் உருமாற்றினார். தோரதியின் நாய் டோட்டோ நீக்கப்பட்டு, மனிதர் உள்ளே புகுந்து நடிக்கும் இமோஜின் என்னும் பசு இடம்பெற்றது. அரியணை இழந்த அரசனொருவனும் உணவக வேலைக்காரி ஒருத்தியும் புதிதாக நுழைந்தனர். சிங்கம் பேச்சற்ற சிறுவேடமாயிற்று. கதையின் பெரும்பகையான மேற்றிசைச் சூனியக்காரி மேடைக்கே வரவில்லை! பொம்மையாக நடித்த பிரெட் ஸ்டோனும் தகர மனிதனாக நடித்த டேவிட் மாண்ட்கோமரியும் அவையைத் தம்வயப்படுத்தினர். நம் இசைநாடக மேடையில் பபூன் வேடத்தார் கதைத் தலைவனை ஓரங்கட்டிவிடும் இரவுகளை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. 1903 ஜனவரியில் இந்நாடகம் நியூயார்க்கின் புதிய மெஜஸ்டிக் அரங்கைத் தொடங்கிவைத்தது. இம்மாற்றங்களுக்குத் தொடக்கத்தில் தாம் மறுப்புத் தெரிவித்ததையும், பின்னர் அவையோரின் மகிழ்ச்சியைக் கண்டு இணங்கியதையும் 1904இல் சிகாகோ நாளிதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் பாம் குறிப்பிட்டார்.

இணக்கம் அத்துடன் நிற்கவில்லை. அதே ஆண்டு வெளிவந்த இரண்டாம் ஓஸ் நாவலைப் பாம் அவ்விரு நடிகர்களுக்கே காணிக்கையாக்கினார். அந்நாவலில் தோரதி இல்லை. பொம்மையும் தகர மனிதனும் மீண்டும் வருகின்றனர். பின்னல் ஊசி ஏந்திப் படையெடுக்கும் இளம்பெண்களின் சேனை, குழு நடனத்திற்கென்றே வகுக்கப்பட்டது போல் தோன்றுகிறது. சிறுவன் டிப் முடிவில் இளவரசி ஓஸ்மாவாக மாறுவதும், சிறுவர் வேடத்தை நடிகையர் ஏற்கும் அக்கால மேடை வழக்கை ஒட்டியதே. நாவல், எழுதப்படும்போதே நாடகமாக எண்ணப்பட்டது எனலாம். எனினும் மாண்ட்கோமரியும் ஸ்டோனும் பழைய நாடகத்தை விட்டு வரவில்லை. அவர்களின்றி 1905இல் சிகாகோவில் அரங்கேறிய 'வாகில்பக்' ஒரு மாதங்கூட நீடிக்கவில்லை.

பாம் 1919இல் மறைந்தார். 1956இல் முதல் நாவலின் பதிப்புரிமை முடிவுற்றதும் எவரும் இசைவு பெறாமலேயே அதனைத் தழுவும் நிலை உருவாயிற்று. அவ்வாறு எழுந்தவற்றுள் தலையாயது 'தி விஸ்'. வில்லியம் எப். பிரவுன் பிரதி எழுத, சார்லி ஸ்மால்ஸ் பாடல்கள் அமைக்க, டிரினிடாட்டில் பிறந்த ஜெப்ரி ஹோல்டர் இயக்கி ஆடையமைப்பும் செய்ய, நடிகர் அனைவரும் கறுப்பினத்தவராக 1975 ஜனவரியில் இது பிராட்வேயில் அரங்கேறியது. (அவ்வரங்கின் பெயரும் மெஜஸ்டிக், ஆனால் 1903ஆம் ஆண்டினது வேறு.) தொடக்க விமர்சனங்கள் சாதகமாக இல்லை, நாடகம் மூடப்படும் நிலையை எட்டியது. தொலைக்காட்சி விளம்பரமும் கறுப்பின மக்களின் பெருந்திரளான வருகையும் அதனைக் காத்தன. அவ்வாண்டே ஏழு டோனி விருதுகளைப் பெற்ற இந்நாடகம் 1,600க்கும் மேற்பட்ட முறை நிகழ்த்தப்பட்டது.

நகர வழக்குப் பேச்சும் தேவாலய இசைமரபும் நிறைந்த இந்நாடகம் மூலத்தினின்று மிகவும் விலகியதாகவே தோன்றும். கதையமைப்பை ஒப்பிட்டால் உண்மை வேறு. 1939ஆம் ஆண்டுத் திரைப்படம் மாணிக்கச் சிவப்பாக மாற்றிய காலணிகள் இங்கு மீண்டும் நாவலில் உள்ளவாறே வெள்ளியாகின்றன. திரைப்படம் ஒன்றாக்கிய இரு நல்ல சூனியக்காரிகளும் மீண்டும் இருவராகின்றனர். 1902இல் மறைந்த மேற்றிசைச் சூனியக்காரி முழு வலிமையுடன் வருகிறாள். அவள் விங்கி மக்களை அடிமைகளாக வேலை வாங்குவது நாவலிலேயே உள்ள செய்திதான். படிப்போர் எளிதில் கடந்து செல்லும் பகுதி அது. கறுப்பின நடிகர்கள் அவ்வடிமைகளாக நின்று, அவள் அழிந்த கணத்தில் விடுதலையைப் பாடி ஆடியபோது, அமெரிக்காவின் அடிமை வரலாறே மேடையேறியது. கதைநிகழ்வு மாறவில்லை, அதனைத் தாங்கிய உடல்கள் மாறின. ஆசிரியர் பங்கேற்ற தழுவல் நாவலை உதறியது; அவர் கற்பனையும் செய்திராத தழுவலே அதனைப் பேணியது.

கிரெகரி மகையர் 1995இல் எழுதிய நாவலைத் தழுவி, 2003 அக்டோபரில் நியூயார்க்கின் கெர்ஷ்வின் அரங்கில் அரங்கேறிய 'விக்கெட்', அச்சூனியக்காரியையே தலைவியாக்கியது. பாமின் நாவலில் ஒற்றைக் கண்ணுடைய அவளுக்குப் பச்சை நிறத்தைத் தந்தது 1939ஆம் ஆண்டுத் திரைப்படமே. பாம் பெயரிடாது விட்ட அவளுக்கு மகையர் 'எல்பபா' என்று பெயரிட்டார்: எல்., பிராங்க், பாம் என்னும் ஆசிரியர் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டே அப்பெயர் ஆக்கப்பட்டது.