அணையும் வான் ஆய்வகமும்

முல்லைப் பெரியாறு அணை எந்த வருஷம் திறந்தது என்று கேட்டால், கம்பம் பள்ளத்தாக்கில் சின்னப் பிள்ளைகூட 1895 என்று சொல்லிவிடும். அணையைத் திறந்து வைத்தவர் கவர்னர் வென்லாக் பிரபு. அதே அக்டோபர் மாதம் அவர் கொடைக்கானல் மலையில் இன்னொரு கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டினார் என்பது பலருக்குத் தெரியாது. அதுதான் சூரிய வான் ஆய்வகம்.

இரண்டுக்கும் பின்னால் இருந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் மடிந்தார்கள். அதற்குப் பிறகுதான் வெகுகாலம் கிடப்பில் கிடந்த பெரியாற்றுத் திட்டம் உயிர் பெற்றது. பஞ்சத்தை விசாரித்த கமிஷன் இன்னொரு யோசனையும் சொன்னது: மழை ஏன் பொய்க்கிறது என்று அறியச் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். சூரியனின் கரும்புள்ளிகள் சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. மழையும் அந்தக் கணக்கில் வருகிறதோ என்று அக்கால விஞ்ஞானிகள் எண்ணினார்கள்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே ஒரு வான் ஆய்வகம் இருந்தது. ஆனால் சமவெளி வானத்தை நம்ப முடியாது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு உடனே லெ ழாந்தீய் ஞாபகம் வருகிறார். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க அவர் புதுச்சேரியில் காத்திருந்தார். 1769 ஜூனில் அந்த நாள் வந்தது, மேகம் மூடிவிட்டது!

அதனால் மிச்சி ஸ்மித் என்ற வானியலாளர் மலை மலையாகப் பார்த்து, 2,300 மீட்டருக்கு மேல் உள்ள கொடைக்கானலைச் சிபாரிசு செய்தார். கொடைக்கு மலை ரோடு வந்தது 1914-ல்தான். அதுவரை பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து செண்பகனூர் வழியாக ஏறும் பாதைதான் முக்கிய வழி. சாமான்கள் ஆள் தலையிலும் மாட்டு முதுகிலும் ஏறின.

1901-ல் வேலை தொடங்கியது. கரும்புள்ளிகளில் வாயு உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதை 1909-ல் எவர்ஷெட் இங்கேதான் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதற்கு அவர் பெயர்தான்.

மழையின் ரகசியத்தை மட்டும் சூரியன் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. ஆனால் 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட அந்தப் பதிவுகளை இன்று வெளிநாட்டு விஞ்ஞானிகளும் கேட்டு வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். ஆயுள் முழுக்க ரிஜிஸ்தர் எழுதிய குமாஸ்தாவான எனக்கு, கண்டுபிடிப்பைவிட இந்த விடாத பதிவுதான் பெரிதாகப் படுகிறது.