மணவாளக்குறிச்சி தாது மணல்

மணவாளக்குறிச்சி தாது மணல் என்பது கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் படிந்துள்ள கனிமச் செறிவுமிக்க மணலாகும். இல்மனைட், ருட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் ஆகியவை இதில் கலந்துள்ளன. முதல் இரண்டிலிருந்து டைட்டேனியம் கிடைக்கிறது. மோனசைட்டில் தோரியமும் அருமண் தனிமங்களும் உள்ளன. மின்சார வாகன மோட்டார்களுக்கும் காற்றாலைகளுக்கும் தேவையான வலிமைமிக்க நிலைக்காந்தங்கள், அருமண் தனிமங்களான நியோடிமியம், பிரசியோடிமியம் ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படுகின்றன. முக்கியக் கனிமங்களை உள்நாட்டிலேயே அகழ்ந்தெடுப்பதன் பயனையும் சிக்கலையும் நூறாண்டுக்கு மேலாகக் கண்டுவரும் இடம் மணவாளக்குறிச்சி.

தோற்றம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தொன்மையான பாறைகள் சிதைந்து, அவற்றின் துகள்களை ஆறுகள் கடலுக்குக் கொண்டுவந்தன. பருவமழைக்கால அலைகள் எடை குறைந்த மணலை அரித்துச் செல்ல, கனமான கனிமத் துகள்கள் கரையில் தங்கின. வள்ளியாற்று முகத்துவாரத்தையொட்டி இப்படிவு செறிந்து காணப்படுகிறது. மோனசைட்டில் உள்ள தோரியத்தால் இக்கரையின் இயற்கைக் கதிரியக்க அளவு பிற இடங்களைவிட அதிகம்.

வரலாறு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எரிவாயு விளக்குகளின் மேண்டில் என்னும் ஒளிர்வலை செய்யத் தோரியம் தேவைப்பட்டது. அன்று மோனசைட்டுக்குப் பிரேசிலின் கடற்கரையே முதன்மை ஆதாரம். 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் தொழில் பிரிட்டிஷ் நிறுவனங்களின் கைக்கு மாறியது. மணல் இங்கிருந்து கப்பலேற, அதிலிருந்து தோரியம் எடுக்கும் நுட்பமும் அதன் ஆதாயமும் ஐரோப்பாவில் தங்கின.

அணுசக்திக் காலம் பிறந்ததும் தோரியத்தின் மதிப்பு மாறியது. அதை எரிபொருளாகக் கொள்ளும் மூன்று கட்ட அணுமின் திட்டத்தை அணு அறிவியலாளர் ஹோமி பாபா வகுத்தார். 1950இல் மத்திய அரசும் திருவிதாங்கூர்–கொச்சி அரசும் இணைந்து இந்திய அருமணல் நிறுவனத்தைத் தொடங்கின. இன்றைய கேரளத்தில் உள்ள அதன் ஆலுவா ஆலையை 1952இல் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். 1956இல் மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது மணவாளக்குறிச்சி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 1960களில் இங்குள்ள ஆலையும் கேரளத்தின் சவறை ஆலையும் அந்நிறுவனத்தின் கீழ் வந்தன.

1980களுக்குப் பின் சீனா மிகக் குறைந்த விலையில் அருமண் பொருள்களை விற்கத் தொடங்கியது. இந்தியாவின் உற்பத்தி தளர்ந்து, ஆலுவாவில் மோனசைட்டைப் பகுக்கும் பணி 2000களின் தொடக்கத்தில் நின்றது. 1998ஆம் ஆண்டுக் கொள்கை தாது மணல் தொழிலில் தனியாருக்கு வழிவிட்டது. விதிமீறல் புகார்கள் பெருகவே, 2013இல் தமிழ்நாடு அரசு தென்மாவட்டங்களில் தனியார் தாது மணல் அள்ளத் தடை விதித்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இம்முறைகேடுகளை விசாரிக்க சிபிஐக்கு உத்தரவிட்டது.

பயன்கள்

2023இல் மத்திய அரசு 30 கனிமங்களை முக்கியக் கனிமங்களாக அறிவித்தது. அருமண் தனிமங்களும் டைட்டேனியமும் அப்பட்டியலில் உள்ளன. 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தபோது, இந்திய வாகன ஆலைகள் காந்தத் தட்டுப்பாட்டில் சிக்கின. வெளிநாட்டை மட்டும் நம்பியிருப்பதன் விலை அப்போது புரிந்தது. உள்நாட்டு அகழ்வு அந்த அச்சத்தைத் தணிக்கும். வேலைவாய்ப்பும் அரசுக்கு உரிமத்தொகையும் தரும். தோரிய இருப்பை நாட்டின் கையிலேயே வைக்கும்.

சிக்கல்கள்

அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் கணக்குப்படி இந்தியாவின் அருமண் ஆக்சைடு இருப்பு 69 லட்சம் டன். ஆண்டு உற்பத்தியோ சுமார் 2,900 டன்தான். குறை மணலில் இல்லை. ஒத்த பண்புள்ள தனிமங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் நுட்பம், உலோகமாக்கும் உலை, காந்தம் வார்க்கும் ஆலை என்ற தொடர்ச்சி இங்கு முழுமையாக வளரவில்லை. மேலும், இந்திய மோனசைட்டில் இலகு அருமண் தனிமங்களே மிகுதி. வெப்பம் தாங்கும் காந்தங்களுக்கு வேண்டிய டிஸ்புரோசியம், டெர்பியம் ஆகியவை மிகக் குறைவு. தோரியக் கழிவைக் காலங்காலமாகப் பாதுகாக்கும் பொறுப்பும் உண்டு.

கரைவாழ் மக்களின் கவலை இதைவிட உடனடியானது. மணல்மேடு கடலரிப்புக்கு இயற்கை அரண். வலை உலர்த்தவும் வள்ளம் ஏற்றவும் மீனவருக்கு அதுவே இடம். கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிமம் எடுக்கும் திட்டத்தை மீனவ ஊர்கள் எதிர்த்தன. அது குறித்து 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. மக்களின் ஒப்புதலில்லாத திட்டம் நிலைக்காது என்பதற்கு மதுரை மாவட்டமும் சான்று. அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை, மக்கள் போராட்டத்துக்குப் பின் 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்தது.

இன்றைய நிலை

2025 ஜனவரியில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கும், நவம்பரில் ஆண்டுக்கு 6,000 டன் அருமண் காந்தம் செய்யும் திறனை உருவாக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கும் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இவற்றுக்கு இடையே, செப்டம்பரில், முக்கியக் கனிம, அணுக்கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு தரப்பட்டது. அதைத் திரும்பப் பெறுமாறு தமிழ்நாடு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். காந்த ஆலைக்கு முதலீடு செய்வது நூறாண்டுக் குறையைத் தீர்க்கும் சரியான வழி. கரையில் வாழ்வோரின் வாயை அடைப்பது தவறான வழி. நுட்பமும் ஒப்புதலும் சேர்ந்து வந்தால்தான் இம்மணல் நாட்டுக்கும் அந்தக் கரைக்கும் செல்வமாகும்.