நிர்வாணமும் ஆன்மாவும்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலக் கலைஞர்கள் ஆலயத்துக்குள்ளும் நகர முற்றத்திலும் ஆடையற்ற உடல்களைப் படைத்தது ஏன்? நம்மவர் பலர் கேட்கும் கேள்வி இது. கிரேக்க, உரோமச் சிலைகளின் செல்வாக்கு என்பது பாதிப் பதிலே. மீதிப் பதில் தத்துவத்தில் இருக்கிறது.

புளோரன்ஸ் நகரில் மெடிச்சி குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்த மார்சிலியோ ஃபிச்சீனோ, பிளேட்டோவின் நூல்களை இலத்தீனில் மொழிபெயர்த்து 1484இல் அச்சேற்றினார். மூன்றாம் நூற்றாண்டுத் தத்துவஞானி புளோட்டினஸின் நூலும் அவரது மொழிபெயர்ப்பில் 1492இல் வெளிவந்தது. கண்ணால் காணும் அழகு தெய்வீக அழகின் ஒளிக்கீற்று. அதைப் படியாகக் கொண்டு ஆன்மா மேலேறலாம் என்பதே இந்த நவபிளேட்டோவாதத்தின் சாரம். சிற்பி வேண்டாததைச் செதுக்கி நீக்குவதுபோல மனிதன் தன்னைத் தானே செதுக்கவேண்டும் என்றார் புளோட்டினஸ்.

அவ்வாண்டுகளில் மெடிச்சி இல்லத்தில் தங்கிக் கலை பயின்றவர் இளைஞர் மைக்கலேஞ்சலோ. உருவம் கல்லுக்குள்ளேயே உறைகிறது என்ற எண்ணம் அவருடைய கவிதைகளிலும் உண்டு. 1504இல் அவர் முடித்த தாவீது சிலை ஐந்து மீற்றருக்கும் உயரமானது. சவுல் மன்னன் தந்த கவசத்தைக் களைந்துவிட்டுப் போருக்குச் சென்றவன் தாவீது என்கிறது விவிலியம். அந்த வெற்றுடலே அவன் விசுவாசத்தின் அடையாளம். மெடிச்சிகளை 1494இல் வெளியேற்றியிருந்த புளோரன்ஸ் குடியரசு, அச்சிலையைத் தன் அரச மாளிகையின் வாயிலில் நிறுத்தியது.

காலம் மாறியது. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் 1541இல் அவர் முடித்த ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தின் நிர்வாணம் கண்டனத்துக்குள்ளாயிற்று. 1564 சனவரியில் அதை மறைக்கத் தீர்மானிக்கப்பட்டது. அடுத்த மாதம் மைக்கலேஞ்சலோ மறைந்தார். ஆடை தீட்டும் பணி அவருடைய நண்பர் டானியேலே ட வொல்தெராவிடம் ஒப்படைக்கப்பட்டது. புனித கத்தரீனின் உருவத்தில் பெரும்பகுதியையும் அருகிலுள்ள புனித பிளேசின் உருவத்தையும் சுதையோடு கொத்தியெடுத்து மீண்டும் வரைந்த அவர், ஏனையவற்றின் மீது துணிகளை மட்டும் தீட்டினார். ‘காற்சட்டைக்காரர்’ என்ற ஏளனப் பெயரே அவருக்கு மிஞ்சியது.

தணிக்கையாளரின் கத்தரிக்கோலுக்கிடையே பத்திரிகை நடத்திய தலைமுறையைச் சேர்ந்த என்னால் அவரை ஏளனம் செய்ய முடியவில்லை. சுவரைக் காக்க முடிந்த அளவுக்கு மட்டுமே அவர் மறைத்தார் என்றே கருதுகிறேன். அன்பில்லாத கை அவ்வளவோடு நிறுத்தியிராது. 1994இல் நிறைவெய்திய புனரமைப்பின்போது பிற்காலத்தவர் தீட்டிய ஆடைகள் பல நீக்கப்பட்டன. டானியேலே தீட்டியவை வரலாற்றுச் சான்றாக இன்றும் சுவரில் உள்ளன.