காணும் முன்பே கணிக்கப்பட்ட துகள்

புரோட்டானும் நியூட்ரானும் மும்மூன்று குவார்க்குகளால் ஆனவை. மீசான் என்பது ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தது. இரண்டு குவார்க்குகளும் இரண்டு எதிர்க்குவார்க்குகளும் கூடிய துகளும் இருக்கலாம் என்பதை, 1964-இல் குவார்க் கருத்தை முன்வைத்தபோதே மர்ரே ஜெல்-மான் குறிப்பிட்டிருந்தார். இன்று அதை ‘டெட்ராகுவார்க்’ என்கிறோம்.

2003-இல் ஜப்பானின் ‘பெல்’ ஆய்வுக் குழு எக்ஸ்(3872) என்ற துகளைக் கண்டதிலிருந்து இவ்வகைத் துகள்கள் பல வெளிப்பட்டுள்ளன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை முதலில் சோதனையில் தென்பட்டவை. விளக்கம் பின்னரே வந்தது. எக்ஸ்(3872) நான்கு குவார்க்குகளின் இறுக்கமான கூட்டா, தளர்வாகப் பிணைந்த இரு மீசான்களா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

இதற்கு மாறானது, இரண்டு பாட்டம் குவார்க்குகளோடு இரண்டு இலகுவான எதிர்க்குவார்க்குகள் சேர்ந்த துகள். கனமான இரு குவார்க்குகள் மிக நெருங்கி ஒன்றையொன்று ஈர்க்கும். நிறை கூடக்கூட அந்தப் பிணைப்பும் வலுக்கும். இத்தகைய துகள் நிலைத்திருக்கக்கூடும் என்று அடேர், ரிஷார், டாக்சில் ஆகியோர் 1982-லேயே வாதிட்டனர். ஆனால் பிணைப்பு எவ்வளவு வலுவானது என்பதை மதிப்பிட நம்பகமான அளவீடு ஒன்று தேவைப்பட்டது.

அது 2017-இல் கிடைத்தது. செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சிபி குழு இரண்டு சார்ம் குவார்க்குகள் கொண்ட பேரியானைக் கண்டறிந்தது. அதன் நிறையைக் கொண்டு மாரெக் கார்லினரும் ஜோனத்தன் ரோஸ்னரும், இரட்டைப் பாட்டம் டெட்ராகுவார்க்கின் நிறை சுமார் 10,389 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று கணித்தனர். அத்துகள் இரு மீசான்களாகப் பிரியத் தேவையான அளவைவிட இது 215 குறைவு. ஐக்டன், குயிக் இருவரின் கணிப்பில் அந்த இடைவெளி 121. எண்கள் வேறுபட்டாலும் முடிவு ஒன்றே: வலிய விசையால் இத்துகள் சிதைய முடியாது.

‘நிலையானது’ என்பதற்கு அழியாதது என்று பொருளில்லை. மென்விசையால் அது சிதையும். அதன் ஆயுள் ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். எனினும் வலிய விசையால் சிதையும் துகள்களோடு ஒப்பிட்டால் அது நூறு கோடி மடங்குக்கும் நீண்ட வாழ்வு.

2021-இல் எல்எச்சிபி அறிவித்த இரட்டைச் சார்ம் டெட்ராகுவார்க் இந்தச் சிந்தனைக்கு வலுச்சேர்த்தது. சார்ம் குவார்க்கின் நிறை குறைவு என்பதால், அது இரு மீசான்களாகப் பிரியும் எல்லைக்கு ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவான தொலைவிலேயே நிற்கிறது. அது நிலையானதும் அன்று. ஒரு பாட்டமும் ஒரு சார்மும் சேர்ந்த இடைநிலைத் துகளும் பிணைந்திருக்கும் என்று, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தையும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட கணினிவழிக் கணக்கீடு காட்டுகிறது.

இரட்டைப் பாட்டம் துகள் இன்னும் பிடிபடவில்லை. ஒரே மோதலில் இரண்டு பாட்டம் குவார்க்குகள் பிறந்து, அவை அருகருகே சேர வேண்டும். அது மிக அரிது. ஆனாலும் என் பார்வையில், அண்மைக்காலத் துகள் இயற்பியலின் நேர்மையான பந்தயங்களுள் இது ஒன்று. கண்டதற்குப் பின் விளக்கம் சொல்லும் கோட்பாடு எளிதில் தோற்பதில்லை. இங்கோ எண் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டுவிட்டது. துகள் அந்த நிறையில் கிடைத்தால் வலிய விசையைப் பற்றிய நம் புரிதல் உறுதிப்படும். கிடைக்காவிட்டால் அப்புரிதலில் எங்கோ குறை இருப்பது தெரியவரும். இரண்டுமே அறிவியலுக்கு ஆதாயம்தான்.