போர்ட் பிளேரின் வானமும் கணினித் திரையின் கணக்கும்

ஒரு விமானம் எத்தனை குண்டுகளைத் தாங்கும்? போர் விமான சிமுலேட்டர் விளையாட்டுகளை உருவாக்குவோர் தவிர்க்க முடியாத கேள்வி இது. தொடக்ககால விளையாட்டுகளிடம் எளிய விடை இருந்தது. விமானம் முழுமைக்கும் ஓர் உயிர் எண். படும் ஒவ்வொரு குண்டுக்கும் அதில் ஒரு கழித்தல். பூஜ்யத்தை எட்டியதும் வெடிப்பு. அந்தக் கணக்கில் வால்நுனியைத் துளைத்த குண்டும் பெட்ரோல் தொட்டியைத் துளைத்த குண்டும் சமம். அது எவ்வளவு பிழையானது என்பதை 1942-ஆம் ஆண்டின் சில வாரங்களிலேயே அந்தமானும் வங்காள விரிகுடாவும் காட்டிவிட்டன.

அவ்வாண்டு மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை எதிர்ப்பின்றிப் போர்ட் பிளேரைக் கைப்பற்றியது. பத்து நாள் கழித்து, ஏப்ரல் 2 இரவில், அமெரிக்காவின் பத்தாம் வான்படை அங்கிருந்த கப்பல்கள்மீது குண்டு வீசியது. சென்றவை ஓர் எல்பி-30, இரண்டு பி-17 ஆகிய மூன்றே விமானங்கள். படைத்தலைவர் லூயிஸ் பிரேரட்டனே உடன் பறந்தார். எதிர்த்தாக்குதலில் இரண்டு விமானங்கள் அடிபட்டன. ஆயினும் மூன்றும் தளம் திரும்பின.

அதே ஏப்ரலின் நடுவில், பர்மாவின் அக்யாபிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஹட்சன் விமானங்கள், போர்ட் பிளேர் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடல் விமானங்களைத் தாக்கின. கவனிஷி நிறுவனத்தின் அவ்விமானங்கள் நான்கு எஞ்சின்களும் 40 மீட்டர் இறக்கை வீச்சும் கொண்டவை. உயிர் எண்ணை உருவ அளவால் நிர்ணயித்தால் அவற்றுக்குப் பெரும் எண் கிடைத்திருக்கும். உண்மையில் அவை எளிதில் தீப்பற்றுபவை. நெடுந்தூரம் பறப்பதற்காக எடையைக் குறைத்தபோது கவசமும் தொட்டிப் பாதுகாப்பும் கைவிடப்பட்டிருந்தன.

தொட்டிப் பாதுகாப்பு என்பது எளிய நுட்பமே. பெட்ரோல் தொட்டியைச் சுற்றிப் பதப்படுத்தாத ரப்பர் அடுக்கு ஒன்று இருக்கும். குண்டு துளைத்துக் கசியும் பெட்ரோல் பட்டதும் ரப்பர் ஊதிப் பெருத்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். இதற்கு விலை எடை. ஜீரோ விமானத்தை வடிவமைத்தோர் அந்த விலையைக் கொடுக்க விரும்பவில்லை. வேகம், லாவகம், தூரம் ஆகியவற்றையே அவர்கள் தேர்ந்தனர்.

அத்தேர்வின் விளைவை 1942 மே 22 காட்டியது. ஜப்பான் போற்றிய விமானி கட்டோ தத்தேயோ, ஹயபுசா விமானத்தில், வங்காள விரிகுடாவின்மேல் தனியாக வந்த பிளென்ஹைம் ஒன்றைத் துரத்தினார். பிளென்ஹைம் பழைய, வேகம் குறைந்த விமானம். தாக்கிவிட்டு மேலெழுந்தபோது கட்டோவின் விமானம் ஒரு கணம் தன் அடிவயிற்றைக் காட்டியது. பிளென்ஹைமின் துப்பாக்கியாளர் சுட்டார், தீப்பற்றியது, கட்டோ கடலில் வீழ்ந்து மாண்டார். தீர்மானித்தது குண்டுகளின் எண்ணிக்கை அன்று, அவை பட்ட இடம்.

மறு ஆண்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட் இதே சிக்கலைக் கணிதமாக்கினார். திரும்பி வந்த விமானங்களின் ஓட்டைகள், எங்கே அடிபட்டாலும் விமானம் பிழைக்கும் என்பதையே சொல்கின்றன. உயிர்நிலையில் அடிபட்டவை திரும்புவதில்லை. ஆகவே அவை கணக்கெடுப்புக்கும் வருவதில்லை. திரும்பியவற்றைக் கொண்டே திரும்பாதவற்றை மதிப்பிடும் வழியை அவர் வகுத்தார்.

2001-இல் வெளிவந்த ‘இல்-2 ஸ்டர்மோவிக்’ போன்ற விளையாட்டுகள் விமானத்தைப் பகுதி பகுதியாகக் கணக்கிட்டன. தொட்டி, எஞ்சின், சுக்கான் கம்பி, விமானி என ஒவ்வொன்றுக்கும் தனி விதி. 2004-இல் அதன் வழிவந்த ‘பசிபிக் ஃபைட்டர்ஸ்’ ஜீரோவையும் ஹயபுசாவையும் திரைக்குக் கொணர்ந்தது. ஜீரோவின் பலவீனத்தை இனி ஓர் எண்ணாக எழுதிவைக்க வேண்டியதில்லை. பாதுகாப்பற்ற தொட்டியை அதன் இடத்தில் வைத்தால் பலவீனம் தானே வெளிப்படும். வரலாறு விளையாட்டுக்குத் தந்த கொடை அது.

ஆனால் போர்ட் பிளேரின் சேதக் கணக்கு விமானங்களோடு முடியவில்லை. நேச நாட்டுத் தாக்குதல்கள் குறிதவறாமல் விழ விழ, தீவில் ஒற்றர்கள் இருப்பதாக ஜப்பானியர் நம்பினர். ஒற்றர்கள் இருந்ததும் உண்மையே: 1943 ஜனவரியில் முன்னாள் அந்தமான் காவல் அதிகாரி டெனிஸ் மெக்கார்த்தி ஒரு சிறு குழுவுடன் நீர்மூழ்கியில் வந்து ரகசியமாகக் கரையிறங்கினார். ஆனால் தண்டிக்கப்பட்டோர் அவர்கள் அல்லர், ஊர்மக்கள். செல்லுலார் சிறையில் சித்திரவதைக்குள்ளான மருத்துவர் திவான் சிங் 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் ஒற்றர்கள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1945-இல் கார் நிக்கோபாரிலும், விமானங்களுக்குச் சைகை காட்டினர் என்ற பழியின்பேரில் தீவு மக்கள் வதைக்கப்பட்டனர்.

விமானத்தின் எந்தப் பகுதியில் குண்டு பட்டால் என்ன நேரும் என்பதை இன்றைய சிமுலேட்டர்கள் நுட்பமாகச் சொல்லும். அதே குண்டுவீச்சுக்காகக் கீழே யார் தண்டிக்கப்பட்டார் என்பதைச் சொல்லும் விதி எதுவும் அவற்றில் இல்லை. அதைச் சொல்ல ஹம்ஃப்ரிகஞ்சில் ஒரு நினைவிடம் இருக்கிறது.