இணைய எண்புதிர்ப் போட்டி: வேகம், பிழை, நம்பிக்கை

1. பொருளும் எல்லையும்

காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கிண்டி வருவதற்குள் கைப்பேசியில் ஒரு சுடோகுவை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. தனியாகப் போட்டால் அது பொழுதுபோக்கு. அதே புதிரை முகமறியாத இன்னொருவரும் போட்டு, முந்தியவர் யார் என்று கணக்கு வைத்தால் அது போட்டி. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. இணையத்தில் முந்தியவரை வென்றவர் என்று எந்த அளவுக்கு ஏற்கலாம் என்பதே இதன் கேள்வி.

2. முன்வரலாறு

2.1 எண்களைக் கட்டத்தில் அடைப்பது நமக்குப் புதிதன்று. பூசையறையில் இடும் குபேர கோலத்தில் 20 முதல் 28 வரையுள்ள எண்கள் ஒன்பது கட்டங்களில் நிற்கும். நேராகவோ குறுக்காகவோ மூலைவிட்டமாகவோ எப்படிக் கூட்டினாலும் 72 வரும்.

2.2 முகம் பார்க்காத போட்டிக்கும் ஒரு முன்னோடி உண்டு. 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில், ஒன்றுக்குள் ஒன்றாக முடிவின்றிச் செல்லும் வர்க்கமூலத் தொடர் ஒன்றின் மதிப்பைக் கேட்டார் இராமானுஜன். ஆறு மாதம் கழிந்தும் எவரும் விடை அனுப்பவில்லை. பிறகு அவரே சொன்னார்: 3.

2.3 சுடோகுவின் இன்றைய வடிவம் 1979-இல் அமெரிக்கப் புதிர் இதழொன்றில் வந்தது. ஆக்கியவர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. 1984-இல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. 2004 நவம்பரில் லண்டன் டைம்ஸ் நாளிதழ் வெளியிட, உலகெங்கும் பரவியது. முதல் உலகப் போட்டி 2006-இல் இத்தாலியின் லூக்கா நகரில் நடந்தது.

3. வகைகள்

3.1 நேரடி ஓட்டம்: இருவருக்கும் ஒரே புதிர், ஒரே நொடியில் தொடக்கம். எதிராளி எவ்வளவு நிரப்பியிருக்கிறார் என்பது திரையோரப் பட்டையில் தெரியும். பல்லாவரம் தாண்டும்போது அந்தப் பட்டை முக்கால் பங்கைத் தொட்டுவிட்டால் கை பதறும். சிக்னல் விட்டுப்போனால் ஆட்டமே போகும். இங்கே புதிரோடு பதற்றமும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே அளக்கப்படுகின்றன.

3.2 நேரவரம்புத் தேர்வு: இந்தியாவில் லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா அமைப்பும், உலக அளவில் உலகப் புதிர்க் கூட்டமைப்பும் நடத்துவது இவ்வகை. புதிர்த்தாள் பூட்டிய கோப்பாக முன்பே கிடைக்கும். தொடங்கும்போதுதான் கடவுச்சொல் வரும். அச்சிட்டு, பென்சிலால் போட்டு, குறித்த வரிசைகளின் எண்களை மட்டும் இணையத்தில் பதிய வேண்டும். கூட்டமைப்பின் இணையத் தொடர்போட்டியான கிராண்ட் பிரீயில் ஒரு சுற்றுக்கு 90 நிமிடம்.

4. அளக்கப்படும் திறன்

எண்புதிர் என்கிறோமே தவிர, சுடோகுவில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. 1 முதல் 9 வரையுள்ள எண்களுக்குப் பதில் ஒன்பது எழுத்துகளை இட்டாலும் ஆட்டம் மாறாது. வேண்டியது கண்ணோட்டம். ஒரு வரியிலோ நெடுவரிசையிலோ ஒன்பது கட்டப் பெட்டியிலோ ஓர் எண் ஒருமுறைதான் வரலாம். மேல்வரிசையிலுள்ள மூன்று பெட்டிகளை எடுத்துக்கொள்வோம். முதல் பெட்டியில் 7 முதல் வரியிலும், இரண்டாவதில் அது இரண்டாம் வரியிலும் இருந்தால், மூன்றாம் பெட்டியில் 7-க்கு உரிய இடம் மூன்றாம் வரிதான். அவ்வரியின் மூன்று கட்டங்களில் இரண்டு ஏற்கெனவே நிரம்பியிருந்தால், மீந்த கட்டத்தில் 7-ஐ யோசிக்காமல் எழுதலாம். தேர்ந்தவர் இதை ஒரே பார்வையில் முடிப்பார். புதியவர் ஒவ்வொரு கட்டத்திலும் என்னென்ன எண் வரலாம் என்று பொடியெழுத்தில் குறித்துக்கொண்டிருப்பார்.

முறையான புதிருக்கு விடை ஒன்றே. ஆகவே சரியாக முடித்த இருவரைப் பிரித்துக் காட்ட நேரத்தைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. அவசரத்தில் ஓர் எண் பிசகினாலோ, அது பத்துப் பன்னிரண்டு கட்டம் தள்ளித்தான் தெரியவரும். பெரும்பாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

5. நம்பிக்கைச் சிக்கல்

சாதாரணக் கணினி நிரல் ஒன்று எந்தச் சுடோகுவையும் கண்ணிமைப்பதற்குள் தீர்த்துவிடும். திரைக்கு அப்பால் விடை எழுதுவது மனிதரா, நிரலா என்பதற்குக் கண்கண்ட சாட்சி கிடையாது. அதனால்தான் சுடோகு உலகப் பட்டம் இணையத்தில் அல்லாமல், ஒரே கூடத்தில் மேசையில் முடிவாகிறது. அப்போட்டி இந்தியாவில் இருமுறை நடந்திருக்கிறது: 2008-இல் கோவாவில் தாமஸ் ஸ்னைடரும், 2017-இல் பெங்களூருவில் கோத்தா மொரினிஷியும் வென்றனர். கொரோனா பரவிய 2020-இல் இணையச் சுற்றுகள் நடந்தன. உலகப் போட்டி நடக்கவில்லை.

6. முடிவு

இணையப் போட்டி நல்ல பயிற்சிக்களம், நல்ல சல்லடை. தீர்ப்பு வழங்கும் இடம் அதுவன்று. தீர்ப்புக்கு வேண்டியவை ஒரு கூடம், மேசைகள், சுவர்க்கடிகாரம், அச்சிட்ட தாள், ஒரு கண்காணிப்பாளர். 1937 முதல் தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்கும், 1949 முதல் குரோம்பேட்டையில் இருக்கும் எம்.ஐ.டி.க்கும் இவை பெரிய செலவல்ல. ரயிலில் பெயர் தெரியாமல் மோதிக்கொள்பவர்களை ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிரெதிரே உட்காரவைக்க இக்கல்லூரிகள் முன்வர வேண்டும்.